வெடி வைக்கும் வேலைக்குப் போகலாமா?

"பாறை வெடிக்கும் குழுவில் உதவியாளராகச் சேர ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. சில வருடத்தில் உரிமம் எடுத்து, வெடி வைக்கும் பொறுப்பாளரான பிளாஸ்டர் ஆகிவிடலாம் என்கிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள். வேலை உண்மையில் எப்படி இருக்கும், எவ்வளவு ஆபத்து, எனக்குச் சரிப்பட்டு வருமா?" என்று ஒரு இளைஞர் கேட்டிருக்கிறார். குவாரியிலும் சுரங்கப் பாதையிலுமாக இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறுபது குழி கொண்ட ஒரு வெடி ஒன்றரை நொடியில் முடிந்துவிடும். அதற்காக இரண்டு மூன்று நாள் துளை போட்டிருப்பார்கள். அரை நாள் வெடிமருந்து ஏற்றியிருப்போம். ஒரு மணி நேரம் ஆட்களை அப்புறப்படுத்தியிருப்போம். முடிந்த பிறகும் வெடிக்காமல் ஏதாவது தங்கிவிட்டதா என்று தேட வேண்டும். வெளியே இருப்பவர்கள் வெடி வேலை என்று நினைப்பது அந்த ஒன்றரை நொடியைத்தான். எங்களுக்கு மீதி நேரம் முழுக்க எண்ணிக்கை. மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர் எத்தனை, குழி எத்தனை, குழிக்கு எத்தனை கிலோ, எல்லைக்குள் எத்தனை பேர், வெடித்து எத்தனை நிமிடம். எண்ணுவதில் சோம்பல் உள்ளவர் என்றால் இப்போதே வேறு வேலை பாருங்கள். மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம்.

நாள் கிடங்கில் தொடங்கும். மருந்துக்கு ஒரு கிடங்கு, டெட்டனேட்டருக்குத் தனிக் கிடங்கு. வண்டியிலும் அப்படியே, தனித்தனிப் பெட்டி. குழியருகே வரும்வரை இரண்டும் ஒன்று சேரக் கூடாது. எடுத்ததை எழுதி, எழுதியதை இன்னொருவர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் திருப்பி வைக்கும்போது, எடுத்ததிலிருந்து குழிக்குள் போனதைக் கழித்தால் மீதி எவ்வளவோ அவ்வளவும் கையில் இருக்க வேண்டும்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மாலை, டெட்டனேட்டர் ஒன்று குறைந்தது. வெடி முடிந்துவிட்டது, எல்லோரும் களைத்துப்போயிருந்தோம். "ஏதோ ஒரு குழியில் இரண்டாகப் போட்டிருப்போம், அப்படியே எழுதிவிடலாம்" என்றார் ஒருவர். எனக்கு வேலை கற்றுத்தந்த மேஸ்திரி பதில் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலி அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம், சட்டை மடிப்பை உதறினோம், நடந்த வழியெல்லாம் டார்ச் அடித்துத் தேடினோம். ராத்திரி ஒன்பதுக்கு மேல், ஒரு பெட்டியின் அடி மடிப்பு இடுக்கில் செருகிக்கொண்டு கிடந்தது. பளபளப்பான உலோகக் குப்பி, விரல் நீளம்தான். உள்ளே இருப்பது ஒரு கிராம் அளவு மருந்து. கைக்குள் வெடித்தால் விரல் போகும், கண் போகும். அந்தக் காலி அட்டையை மறுநாள் யாராவது வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தால் ஒரு குழந்தை அதை எடுத்து விளையாடியிருக்கும்.

மருந்தைவிட டெட்டனேட்டருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது புதிதாக வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இன்றைய பாறை மருந்துகள், குறிப்பாக எமல்ஷன் என்ற கூழ்போன்ற வகைகள், எருமை மாதிரி. சும்மா தட்டினால் எழாது. டெட்டனேட்டர் குளவி. சூடு, அடி, உரசல், மின்சாரம் எதையும் தாங்காது. பெரிய குவாரிகளில் எமல்ஷனை லாரியில் கொண்டுவந்து குழாய் வழியாகக் குழிக்குள் இறக்குவார்கள். குழிக்குள் போய்ச் சேர்ந்து நுரை பிடித்த பிறகுதான் அது முழு வெடிமருந்தாகவே மாறும்.

பழைய காலம் இப்படி இல்லை. இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற வெடிதிரவத்தைத் தயாரித்துவிட்டு அதைக் கண்டு அவரே மிரண்டார். அதை வியாபாரமாக்க முனைந்த ஆல்ஃபிரட் நோபெலின் தம்பி எமில், 1864இல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் இறந்தார். அந்த எண்ணெயை ஒரு வகை மண்ணில் ஊறவைத்து அடக்கியதுதான் 1867இல் நோபெல் காப்புரிமை பெற்ற டைனமைட். நைட்ரோகிளிசரின் கலந்த தோட்டாவை வெறுங்கையால் தொட்டால் தலை பிளக்கிற மாதிரி வலிக்கும். தோல் வழியாக ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களை விரித்துவிடும். நான் வேலைக்கு வந்த புதிதில் அந்த வலியை அனுபவித்திருக்கிறேன். இதே குணத்துக்காகத்தான் அது நெஞ்சுவலி மருந்தாகவும் ஆனது. கடைசிக் காலத்தில் நோபெலுக்கே மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள்.

சரி, குழிக்கு வருவோம். வேலையின் பாதி துளை போடும் ஆளின் கையில் இருக்கிறது. எத்தனை மீட்டரில் பாறை மென்மையானது, எங்கே களிமண் வந்தது, எங்கே துளைக் கம்பி திடீரென்று சரிந்து உள்ளே போனது என்று அவருக்குத்தான் தெரியும். கம்பி சரிந்தால் உள்ளே பொந்து இருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் மருந்தை ஊற்றிக்கொண்டே போனால், குழிக்குப் போக வேண்டியதைப்போல இரண்டு மூன்று மடங்கு அந்தப் பொந்தில் போய்த் தேங்கும். அந்த இடத்திலிருந்துதான் தலை அளவுக் கல் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும்.

அதனால் நுனியில் எடை கட்டிய அளவு நாடாவைக் குழிக்குள் விட்டபடியேதான் மருந்து ஏற்றுவோம். இந்த விட்டமுள்ள குழியில் இத்தனை கிலோவுக்கு மருந்து இவ்வளவு உயர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கு இருக்கும். ஏற்றிய அளவுக்கு மட்டம் உயரவில்லை என்றால் கையை நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் அவர் கையிலிருந்து குழாயை வாங்கிவிடுங்கள். முன்வரிசைக் குழிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: குழிக்கும் பாறையின் திறந்த முகத்துக்கும் இடையே எவ்வளவு கல் இருக்கிறது என்பது. இதை பர்டன் என்போம். மேலே நின்று பார்த்தால் மூன்று மீட்டர் இருக்கும், கீழே, முந்தைய வெடியில் பாறை உள்வாங்கியிருந்தால் ஒன்றரைதான் இருக்கும். கீழே இறங்கி முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் மருந்து ஏற்றுகிறவரோடு வேலை செய்யாதீர்கள்.

மருந்துக்கு மேலே குழியின் வாயை அடைப்பது ஸ்டெம்மிங். துளை போட்டபோது வந்த தூளையே திருப்பி அள்ளிப் போடுவது சுலபம். ஆனால் தூள் பீய்ச்சிக்கொண்டு வெளியேறிவிடும். கோணலான சின்ன ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும். வாயு வெளியே ஓடாமல் பாறையைப் பிளக்கும் வேலையைச் செய்யும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் பினியாஸ் கேஜ் ஞாபகம் வரும். 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்த குழுவின் தலைவர், 25 வயது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி கன்னத்தின் வழியே புகுந்து மண்டையைத் துளைத்துக்கொண்டு போனது. பிழைத்து, மேலும் 11 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். குணம் மாறிப்போனது என்பதால் மூளை பற்றிய பாடங்களில் எல்லாம் அவர் வருவார். மருத்துவர்கள் அவருடைய மண்டையைப் பார்க்கிறார்கள். நான் அவருடைய குழியைப் பார்க்கிறேன். கருமருந்தின் மேல் மணல் போட்ட பிறகுதான் கம்பியால் இடிக்க வேண்டும். பின்னால் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் பக்கம் கவனம் திரும்பிய அந்தக் கணத்தில், மணல் போடாத குழிக்குள் கம்பி இறங்கியது என்றுதான் சொல்லப்படுகிறது. இரும்பு பாறையில் உரசித் தீப்பொறி பறந்தது. இன்று நாங்கள் பயன்படுத்துவது மரக்கழி, அல்லது பிளாஸ்டிக் கழி. குழியருகே நிற்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்ற விதியையும் நான் கேஜ் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

எல்லாக் குழியும் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. முன்வரிசை நகர்ந்து இடம்விட்டால்தான் பின்வரிசை உடைந்து வந்து விழ இடம் கிடைக்கும். அதனால் குழிக்குக் குழி 17, 25, 42 மில்லி நொடி என்று தாமதம் வைக்கிறோம். காதுக்கு ஒரே இடி மாதிரிதான் கேட்கும். ஒரு காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. நாணலிலும் இறகுத் தண்டிலும் கருமருந்தை அடைத்துப் பற்றவைத்துவிட்டு ஓடுவார்கள். எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்ட் என்ற தோல் வியாபாரி, கயிறு திரிப்பதைப் பார்த்து, அதே மாதிரி சணல் நூலைச் சுற்றிப் பாதுகாப்புத் திரி செய்து 1831இல் காப்புரிமை பெற்றார். சீராக எரியும் திரி என்பதால் சுரங்கத் தொழிலாளி முதல்முறையாக எண்ணிக்கொண்டு வெளியேற முடிந்தது. இன்று கையில் இருப்பது அதன் பேரப்பிள்ளைகள். நொடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் அதிர்ச்சி அலையைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் மில்லி நொடிக் கணக்கில் நேரம் பதிக்கும் மின்னணு டெட்டனேட்டர் இன்னொரு வகை.

தாமதம் வைப்பதில் இன்னொரு லாபம், தரை அதிர்வு குறையும். எட்டு மில்லி நொடிக்குள் வெடிப்பதையெல்லாம் ஒரே வெடியாகக் கணக்கில் எடுப்பது நெடுநாள் வழக்கம். அதிர்வை நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம். பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு வருவது இந்த அளவில்தான். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அதிர்வையே மனித உடல் உணர்ந்துவிடும். சுவரில் விரிசல் விட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆனால் ஜன்னல் கடகடவென்று ஆடும்போது எந்த எண்ணைச் சொன்னாலும் யாருக்கும் ஏறாது. நான் கற்றுக்கொண்டது, வெடிக்கும் நேரத்தில் அதிர்வுமானியோடு அந்த வீட்டுக் கூடத்திலேயே நம் ஆள் ஒருவரை உட்காரவைப்பது. வேலை தொடங்கும் முன்பே சுவரில் இருக்கும் பழைய விரிசல்களைப் படமெடுத்து அவர்களிடமே ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். அப்புறம், மேகம் தாழ்ந்து மூடியிருக்கும் காலையில் வெடிக்காதீர்கள். குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்திருந்தால் சத்தம் மேலே போகாமல் வளைந்து தூரத்து ஊரில் போய் இறங்கும்.

இனி, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடிக்காத பகுதி: ஆட்களை வெளியேற்றுவது. பாறை சொன்னபடி கேட்கும், ஆட்கள் கேட்கமாட்டார்கள். போனை வைத்துவிட்டு வந்தேன் என்று திரும்பி ஓடுவார்கள். படம் எடுக்க மேட்டில் ஏறி நிற்பார்கள். "எல்லாரும் போயாச்சு" என்று வாக்கி-டாக்கியில் வரும் குரலை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. ஒவ்வொரு காவல்முனையில் நிற்பவரும் தன் பெயரையும் முனையையும் சொல்லி, என் வழி அடைத்திருக்கிறது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு முனை என்றால் ஆறு குரல். ஐந்து வந்தால் வெடி இல்லை. ஒரு முறை ஆறாவது குரல் வராமல் இருபது நிமிடம் காத்திருந்தோம். பேட்டரி தீர்ந்திருக்கும், அவர் அங்கேதான் நிற்கிறார் என்று மேலாளர் கத்தினார். ஆள் அனுப்பிப் பார்த்தால் பேட்டரி தீர்ந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல அவர் எங்களை நோக்கிக் குறுக்கு வழியில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

கட்டடம் தகர்ப்பதில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். 1997 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு பழைய மருத்துவமனையைத் தகர்த்தபோது லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். 400 மீட்டருக்கும் அப்பால் நின்ற 12 வயதுச் சிறுமி, பறந்துவந்த எஃகுத் துண்டு பட்டு இறந்துபோனாள். சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் சுமார் 3,700 கிலோ மருந்தில் சில நொடிகளில் அமர்ந்துவிட்டன. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தது அந்தச் சில நொடிகளை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் சுவர்களை அகற்றி, தூண்களில் ஆயிரக்கணக்கில் துளை போட்டு, கம்பிவலையும் துணியும் சுற்றியதுதான் உண்மையான வேலை. கட்டடத்தை வீழ்த்துவது அதன் சொந்த எடைதான். எந்தத் தூண் எப்போது விலக வேண்டும் என்பதை மட்டுமே மருந்து முடிவு செய்கிறது.

வெடித்த பிறகு உடனே ஓடிப் பார்க்கக் கூடாது. புகை கலைய வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் புகை எழுந்தால் அது நைட்ரஜன் ஆக்சைடு. சுவாசித்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். லேசான இருமல்தான் என்று வீட்டுக்குப் போகக் கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாறை இடுக்கு வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் நிலவறைக்குள்கூடப் போயிருக்கிறது.

அப்புறம் மிஸ்ஃபயர். இந்தத் தொழிலில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது வெடிக்காத குழிதான். வெடித்தது போய்விட்டது, அதோடு கணக்குத் தீர்ந்தது. வெடிக்காதது கல்குவியலுக்கு அடியில் காத்துக்கொண்டிருக்கும். ஒரு குழி பேசவில்லை என்று சந்தேகம் வந்தால், விதிப்படி உள்ள நேரம் முழுக்க யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அரை மணி நேரம் என்றால் 29 நிமிடத்தில் எழுந்திருக்கக் கூடாது. வெளியே தெரியும் ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. என்ன செய்வது என்று முடிவெடுப்பது உரிமம் உள்ளவர் மட்டும், உதவியாளர் இல்லை. பழைய குழியின் அடிப்பகுதி பாறையில் கிண்ணம்போல மிச்சமிருக்கும். வழி தயாராக இருக்கிறதே என்று அதிலேயே துளைக் கம்பியை வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. உள்ளே மருந்து மிச்சம் இருந்தால் அதோடு முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் போனார். புதிதாய்த் துளை போட இன்னும் பத்து நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். எங்கள் வேலையில் அது பழமொழி இல்லை, அப்படியே நேர்ப்பொருள். ஒரு முறை நாற்பது குழியில் மருந்து ஏற்றி முடித்தபோது தூரத்தில் இடி கேட்டது. மின்னல் அருகில் விழுந்தால் எந்த வகை டெட்டனேட்டரையும் நம்ப முடியாது. எல்லோரையும் இறக்கி, எல்லையில் காவல் வைத்து, மூன்று மணி நேரம் நனைந்துகொண்டு நின்றோம். மழை விடும்வரை காத்திராமல் வெடித்து முடித்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு, ஒயரை இணைக்க யார் போவது என்று திருப்பிக் கேட்டேன். யாரும் முன்வரவில்லை.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டீர்கள். ஒழுங்கான குழுவில் வெடியால் சாவதைவிட மெதுவாகக் கொல்லும் விஷயங்களுக்கே நான் அதிகம் கவலைப்படுவேன். பாறைத் துளைத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் அதைத் திருப்ப முடியாது. எனக்கு இடது காதில் மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை. அது வெடியால் வந்தது இல்லை, கம்ப்ரசருக்குப் பக்கத்தில் காதடைப்பான் இல்லாமல் நின்ற முதல் மூன்று வருடத்தின் கூலி. ஜாக்ஹாமர் பிடித்தவர்களுக்குக் குளிர் நாளில் விரல் வெளுத்து மரத்துப்போகும். தண்ணீர் தெளித்துத் துளை போடுகிறார்களா, முகக்கவசம் தருகிறார்களா என்பதைச் சேரும் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். வெள்ளைத் தூசு பனிபோல நிற்கிற இடமாக இருந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

உரிமம் எடுக்கும் வழி நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக, குறைந்தபட்ச வயது, உரிமம் பெற்ற ஒருவருக்குக் கீழே குறிப்பிட்ட கால அனுபவம், எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும், காவல்துறைச் சரிபார்ப்பு இவை இருக்கும். தேர்வுக்குக் கணக்கும் கொஞ்சம் மின்சாரப் பாடமும் தெரிந்தால் போதும்.

யாருக்குச் சரிப்படும் என்பதற்கு என் கணக்கு எளிது. துணிச்சல்காரர்களை நான் எடுப்பதில்லை. முதல் நாள் ஒரு பெட்டியைக் கொடுத்து எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்ததும், "சரியாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்பேன். தெரியும் என்று உடனே சொல்பவரைத் துளை போடும் பக்கம் அனுப்பிவிடுவேன். பேசாமல் குனிந்து மறுபடி எண்ணத் தொடங்குபவர் என்னோடு வரலாம்.

நீங்கள் சேர்ந்தால், முதல் ஆறு மாதம் உங்களை டிரில் ஆபரேட்டர் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லி நீங்களே கேளுங்கள். மருந்தைத் தொட அவசரப்படாதீர்கள். கம்பி இறங்கும் சத்தம் எங்கே மாறுகிறது, எங்கே சிவப்புத் தூள் வெளியே வருகிறது என்று ஒரு நோட்டில் குழி எண் போட்டு எழுதி வாருங்கள். வெடித்த பிறகு அதே நோட்டோடு கல்குவியலுக்கு முன்னால் நின்று, எந்தக் குழிக்கு நேராகக் கல் பெரிதாக உடைந்திருக்கிறது என்று பொருத்திப் பாருங்கள்.